வீடு மகளுக்கு: தாய்வழி முஸ்லிம் சமூகங்களும் ஷரீஅத்தும்

கேள்வி

1352-ஆம் ஆண்டு சகாராப் பாலைவனத்தைக் கடந்து வலாத்தா என்னும் வணிக ஊரை அடைந்த இப்னு பதூதா, அங்கே கண்ட ஒரு வழக்கத்தை வியப்போடும் சற்று எரிச்சலோடும் தம் பயணநூலில் பதிவு செய்கிறார். அவ்வூர் மஸ்ஸூஃபா மக்கள் தந்தையைச் சொல்லித் தம் வம்சத்தைக் கூறுவதில்லை, தாய்மாமனையே சொல்கிறார்கள். ஒருவர் இறந்தால் சொத்து அவர் மகனுக்குப் போவதில்லை, சகோதரியின் மகனுக்குப் போகிறது. மலபாரில், அதுவும் முஸ்லிம் அல்லாதவர்களிடையே மட்டுமே இப்படி ஒரு முறையைத் தாம் கண்டதாக எழுதும் அவர், மஸ்ஸூஃபாக்கள் தொழுகை தவறாதவர்கள், ஃபிக்ஹ் என்னும் மார்க்கச் சட்டம் படிப்பவர்கள், குர்ஆனை மனனம் செய்பவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இப்னு பதூதா மாலிகி மத்ஹபில் (சட்டப்பள்ளியில்) தேர்ந்த சட்ட அறிஞர். சில ஆண்டுகளுக்கு முன் மாலத்தீவில் காழியாக (நீதிபதியாக) இருந்தபோது பெண்களின் உடையை மாற்ற ஆணையிட்டு, அது பலிக்காமல் போனதைத் தாமே எழுதியவர். அவருடைய திகைப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. தாம் கற்ற சட்டத்தோடு பொருந்தாத அந்த மக்களை முஸ்லிம்கள் அல்லர் என்று அவர் தள்ளிவிடவில்லை.

இன்றைய பொதுப்பேச்சில் அந்த நேர்மை அரிது. பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி 2010-இல் உலக முஸ்லிம்கள் ஏறத்தாழ 160 கோடிப் பேர். அவர்களில் 62 விழுக்காட்டினர் ஆசிய-பசிபிக் பகுதியில் வாழ்ந்தார்கள். மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்தவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே. ஆயினும் முஸ்லிம் சமூகம் என்றதும் எழும் பொதுச் சித்திரம் இந்த ஐந்தில் ஒரு பங்கிலிருந்து, அதிலும் அப்பகுதியின் போர்ச் செய்திகளிலிருந்து மட்டும் எடுக்கப்படுகிறது. ஒரே சட்டம், ஒரே குடும்ப முறை, அடங்கிய பெண், ஆயுதம் ஏந்திய ஆண் என்று அது விரிகிறது.

இச்சித்திரத்தை மறுப்பவர்கள் பெரும்பாலும் எதிர்ச் சித்திரம் ஒன்றை நீட்டுகிறார்கள்: உள்ளூர்ப் பண்பாட்டோடு கலந்த, மென்மையான, சூஃபி மணம் கமழும் இஸ்லாம். இதுவும் போதாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அரசியலுக்கு உகந்த முஸ்லிமை நல்லவராகவும் மற்றவரைத் தீயவராகவும் பிரிக்கும் போக்கை மஹ்மூத் மம்தானி தம் 2004 நூலில் விரிவாக விமர்சித்திருக்கிறார். பன்மையை எடுத்துக்காட்ட வரும் நாமும் அறியாமலே அந்தப் பிரிவினைக்குத் துணைபோய்விடுகிறோம். மார்க்கம் தளர்ந்த இடத்தில்தான் பன்மை விளையும் என்னும் முற்கோள் இரு தரப்புக்கும் பொதுவாகிவிடுகிறது.

ஆகவே ஒரு குறிப்பிட்ட கேள்வியை எடுத்துக்கொள்வோம். தாய்வழி உறவும் பெண்வழிச் சொத்தும் கொண்ட முஸ்லிம் சமூகங்கள் ஷரீஅத்தை மீறி அப்படி வாழ்ந்தனவா, அல்லது ஷரீஅத்தின் வழிகளையும் கைக்கொண்டே அந்த வாழ்வை அமைத்துக்கொண்டனவா?

சுமத்ரா முதல் கொமோரோ வரை

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவைத் தாயகமாகக் கொண்ட மினாங்கபாவ் மக்கள் உலகின் மிகப்பெரிய தாய்வழிச் சமூகம் எனப்படுபவர்கள். 2010 கணக்கெடுப்பில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள், மார்க்கப் பற்றுக்குப் பெயர்போனவர்கள். குழந்தை தாயின் குலத்தைச் சேரும். நெல்வயலும் 'ருமா கடாங்' எனப்படும் பெருவீடும் அடங்கிய மூதாதைச் சொத்து தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும். அதை எளிதில் விற்க முடியாது. அடகு வைப்பதற்கும் நான்கு காரணங்களையே மரபு ஏற்கிறது: வீட்டில் கிடக்கும் சடலத்தை அடக்கம் செய்ய, வயது வந்த பெண்ணுக்கு மணம் முடிக்க, ஒழுகும் பெருவீட்டைச் செப்பனிட, குலத்தலைவர் பதவியை ஏற்க. கணவர் மனைவியின் வீட்டுக்கு வரும் விருந்தாளி போன்றவர். அவருடைய அதிகாரம் சகோதரியின் பிள்ளைகள்மீதுதான். மணமாகாத இளைஞர்களுக்கு வீட்டில் தனி இடம் இருந்ததில்லை. அவர்கள் இரவில் 'சுராவ்' என்னும் தொழுகை இல்லத்தில் தங்கி ஓதக் கற்றார்கள், பிறகு பிழைப்பும் கல்வியும் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். இந்தோனேசியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவர் முகமது ஹத்தா, முதல் பிரதமர் சுதான் ஷஹ்ரிர், புரட்சியாளர் தான் மலாக்கா, எழுத்தாளரும் ஆலிமுமான ஹம்கா ஆகியோர் இச்சமூகம் தந்தவர்கள். மகனைத் தாய்வீட்டுச் சுராவில் கிடத்தி, பிறகு உலகத்துக்கு அனுப்பிவிடும் முறைக்கும் இந்தப் பட்டியலுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்வது கடினம்.

நமக்கு அருகிலேயே இலட்சத்தீவு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 96 விழுக்காட்டுக்கும் மேல் முஸ்லிம்கள் வாழ்ந்த தீவுகள் அவை. கல்பேனித் தீவை ஆராய்ந்து 1969-இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் லீலா தூபே, அங்கே சொத்து இரண்டு பெயர்களால் பிரிக்கப்படுவதை எடுத்துக்காட்டினார். தறவாடு எனப்படும் தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் பொதுச் சொத்து வெள்ளியாழ்ச்சைச் சொத்து. ஒருவர் தாமே ஈட்டியது திங்களாழ்ச்சைச் சொத்து. முன்னது பெண்வழியில் இறங்கும், பின்னது ஷரீஅத் பாகப்பிரிவினைக்கு உரியது. இரவில் மனைவியின் வீட்டுக்கு வந்து காலையில் தாய்வீட்டுக்குத் திரும்பும் கணவர், நிக்காஹில் மஹர் என்னும் மணக்கொடையை ஒழுங்காகக் கொடுத்தவர்தான்.

வடமலபாரில் கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தில் ஆணோ பெண்ணோ, மூத்தவரே தலைமை ஏற்றார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்பாடு பேசியவர் ஒரு பீவி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் பெண்வீட்டுக்குக் குடிபோவதும், மகளுக்கு வீடு கொடுப்பதும் தமிழ் வாசகர் அறிந்தவை. இலங்கையின் கிழக்கில் அக்கரைப்பற்று, காத்தான்குடி வட்டாரங்களில் முஸ்லிம்களும் தமிழ் இந்துக்களும் ஒரே வகைத் தாய்வழிக் 'குடி' முறையைக் கொண்டிருக்கிறார்கள். அங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமரும் மரைக்காயர்கள் குடிகளின் பிரதிநிதிகளாகவே தெரிவானார்கள். இதை நீண்டகாலம் ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரேயின் விரிவான நூல் 2008-இல் வெளிவந்தது. இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் கொமோரோத் தீவுகளின் பெரிய தீவான ங்காசிஜாவில் 'மன்யாஹுலி' எனப்படும் நிலம் பெண்வழியில்தான் கைமாறுகிறது. மொசாம்பிக்கின் வடகரை முஸ்லிம்களிடையேயும் தாய்வழி முறை உண்டு.

வலாத்தாவை விட்டுவிட்டால் மற்ற எல்லா இடங்களும் கடலால் இணைந்தவை, எல்லாமே ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை.

மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம், இவை இஸ்லாத்துக்கு முந்தைய எச்சங்கள் என்பது. மதம் மாறியவர்கள் பழைய குடும்ப முறையைக் கைவிடவில்லை, அவ்வளவுதான் என்கிறது இது. மலபாரில் நாயர் முறையும் கிழக்கிலங்கையில் முக்குவர் வழமையும் அருகிலேயே இருப்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் எச்சம் என்பது தானே தேய்ந்து மறைய வேண்டியது. பல நூறு ஆண்டு மதரசாக் கல்வி, ஹஜ்ஜுப் பயணம், அரபு நூல் பயிற்சி ஆகியவற்றுக்கு நடுவே இவை ஏன் தேயவில்லை? பொன்னானி அறிஞர் செய்னுத்தீன் மக்தூம் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலிலேயே, மகனை விலக்கும் இந்த வாரிசு முறை கண்ணூர் வட்டார முஸ்லிம்களிடம் பரவியிருப்பதைக் குறைபட்டுக்கொள்கிறார். அதே மூச்சில் அவர்கள் குர்ஆனை அழகாக ஓதுபவர்கள், கல்வியில் நாட்டமுள்ளவர்கள் என்றும் சொல்கிறார். வலாத்தாவில் இப்னு பதூதா கண்ட அதே முரண். ஆக, அறியாமையால் நீடித்த பழக்கம் என்னும் விளக்கம் அக்காலச் சாட்சிகளின் சொற்களாலேயே அடிபடுகிறது.

இரண்டாவது விளக்கம் கடல் வணிகம். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்க, வீடும் நிலமும் பெண்களிடம் நிலைபெற்றன. வெளியூர் வணிகருக்குப் பெண் கொடுத்த குடும்பங்கள் சொத்து வெளியே போகாமல் காத்துக்கொண்டன. காயலுக்கும் கண்ணூருக்கும் இது பொருந்துகிறது. ஆனால் மினாங்கபாவ் மக்களின் இதயப்பகுதி மலைநாட்டு நெல்வயல். மறுபுறம், ஓமானியரும் ஹத்ரமவுத் அரபிகளும் கடலோடிகளாக இருந்தும் தந்தைவழியினர். வணிகம் ஒரு சூழலை விளக்குகிறது, ஒரு நிறுவனம் நின்றதை விளக்கவில்லை.

மூன்றாவது விளக்கம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இதுவே மற்ற இரண்டையும்விட ஆழமாகப் படுகிறது. குர்ஆன் வகுத்த பாகப்பிரிவினை ஒருவர் இறக்கும்போது அவருடைமையாக எஞ்சியிருப்பதன்மீது செயல்படுவது. உயிரோடிருக்கும்போது ஹிபாவாக (அன்பளிப்பாக) கொடுத்துவிட்டது அதில் சேராது. வக்ஃபாக (அறக்கொடையாக) நிறுத்தப்பட்டது யாருடைய தனியுடைமையும் அல்ல, ஆகவே பங்கிடவும் முடியாது. ஊர் வழக்கத்துக்குத் தீர்ப்பில் இடமுண்டு என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. கிழக்கிலங்கையில் மகளின் திருமணத்தின்போதே வீடு உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. பெற்றோர் இறக்கும் வேளையில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. ஷரீஅத்தின் ஒரு விதியும் மீறப்படவில்லை. வீடு மட்டும் மகளுக்குப் போய்விட்டது.

மினாங்கபாவில் இந்த விவாதம் வெளிப்படையாகவே நடந்தது. மக்கா ஹரம் பள்ளியில் ஷாஃபி இமாமாக விளங்கிய அஹ்மத் காத்திப் (1860–1916) ஒரு மினாங்கபாவ்காரர். தாய்வழி வாரிசு முறை அபகரிப்பே என்று அவர் மக்காவிலிருந்து கடுமையாக எழுதினார். ஆனால் அவருடைய மாணவரும் ஹம்காவின் தந்தையுமான ஹாஜி ரசூல், சீர்திருத்தவாதியாக இருந்தும், மூதாதைச் சொத்தைப் பொறுத்தவரை ஆசிரியரோடு முரண்பட்டார். தலைமுறைகளாகப் பிரிக்கப்படாமல் வரும் அந்த நிலம் தனியுடைமையே அல்ல, பின்னாளில் கலீஃபாவான உமர் கைபரில் அறக்கொடையாக நிறுத்திய நிலத்தைப் போன்றது என்பது அவர் வாதம். 1952-இல் புக்கித்திங்கியில் கூடிய குலத்தலைவர்களும் உலமாக்களும் அறிவாளர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: மூதாதைச் சொத்து மரபுப்படி, சுயமாக ஈட்டியது ஃபிக்ஹ்படி. இலட்சத்தீவின் இரு கிழமைகளும் மேற்குச் சுமத்ராவின் இந்த உடன்பாடும் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் ஒரே விடையில் வந்து நிற்கின்றன. பொன்னானி முதல் ஜாவா வரை ஷாஃபி சட்ட நூல்கள் கைமாறிப் படிக்கப்பட்டதை மஹ்மூத் கூரியா 2022 நூலில் தடம்பிடித்திருக்கிறார். அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

தலால் அசத் 1986-இல் முன்வைத்த கருத்து இங்கே துணை செய்கிறது. இஸ்லாம் என்பது ஒரு சமூக அமைப்பின் பெயரல்ல, மூல நூல்களோடு தலைமுறைகள் நடத்தும் வாதமரபு என்றார் அவர். அஹ்மத் காத்திபும் ஹாஜி ரசூலும் அந்த மரபின் இரு குரல்கள். அவர்களில் ஒருவரை மட்டும் இஸ்லாமியர் என்றும் மற்றவரை உள்ளூர்க்காரர் என்றும் பிரிக்க நமக்கு ஆதாரமில்லை.

பாத்ரிப் போர்: வன்முறையை ஒளிக்காமல்

இத்தகைய சமூகங்களை அமைதிப் பூங்காக்களாகக் காட்டும் ஆசை நமக்கு எழலாம். மினாங்கபாவ் வரலாறு அதற்கு இடம் தராது. 1803-இல் மக்காவிலிருந்து திரும்பிய மூன்று ஹாஜிகள், அங்கே வஹ்ஹாபிகளின் எழுச்சியைக் கண்டு வந்தவர்கள். அவர்கள் தொடங்கிய, பாத்ரி எனப்படும் தூய்மை இயக்கம் சேவல் சண்டை, சூது, அபின், புகையிலை எல்லாவற்றையும் தடுத்தது. எதிர்த்த ஊர்கள் எரிக்கப்பட்டன. பாகர்ருயுங் அரச குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டனர். மரபுத் தலைவர்களில் ஒரு பகுதியினர் 1821-இல் டச்சுக்காரர்களை அழைத்தார்கள். உள்நாட்டுப் போர் காலனியப் போராக மாறியது. இயக்கத்தின் கடைசிக் கோட்டையான போஞ்சோல் 1837-இல் வீழ்ந்தது. அதன் தலைவர் துவாங்கு இமாம் போஞ்சோல் நாடுகடத்தப்பட்டு 1864-இல் சுலவேசியில் இறந்தார்.

இதை மதவெறி என்ற ஒரு சொல்லில் அடைத்துவிடுவது எளிது. கிறிஸ்டின் டாபின் 1983-இல் எழுதிய நூல் வேறு காட்சியைத் தருகிறது. மலைநாட்டில் காப்பி வணிகம் பெருகிய காலம் அது. பாதைப் பாதுகாப்புக்கும் ஒப்பந்த ஒழுங்குக்கும் பழைய குலத்தலைமை போதவில்லை, மார்க்கச் சட்டம் அந்த இடத்தை நிரப்ப வந்தது என்பது அவர் வாதம். பொருளியல் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் கருதவில்லை. மெய்யான நம்பிக்கையும் அந்த ஹாஜிகளிடம் இருந்தது. ஆனால் வன்முறைக்கு வேளையும் நிலமும் விலைவாசியும் உண்டு என்பதை டாபின் ஐயமற நிறுவுகிறார்.

இதைவிட முக்கியம், போர் உள்ளேயிருந்து தணிந்த விதம். இமாம் போஞ்சோலின் நினைவுக் குறிப்புகளை வைத்து ஜெஃப்ரி ஹேட்லர் (2008) காட்டுவது இது: போஞ்சோல் தம் ஆட்களை மக்காவுக்கு அனுப்பி மார்க்கத்தின் உண்மை நிலையை அறிந்துவரச் சொன்னார். அங்கே வஹ்ஹாபி ஆட்சி வீழ்ந்துவிட்ட செய்தியோடு அவர்கள் திரும்பினார்கள். அவர் தம் பழைய வழியைக் குறித்து வருந்தினார், பறித்த பொருள்களைத் திருப்பிக் கொடுத்தார், குலத்தலைவர்களோடு சமரசம் செய்தார். மரபு ஷரீஅத்தின்மீது நிற்கிறது, ஷரீஅத் வேதத்தின்மீது நிற்கிறது என்று மினாங்கபாவ் மக்கள் இன்றும் சொல்லும் கோட்பாட்டின் வேர் இந்தச் சமரசத்தில் இருக்கிறது. வன்முறையைத் தூண்டிய அதே மக்கா வழிதான் அதை நிறுத்தும் நியாயத்தையும் கொண்டுவந்தது. பெண்வழிச் சொத்து முறை, தன்னை ஒழிக்க வந்த இயக்கத்தைத் தாண்டி நின்றது.

ஆட்சியாளர் வரைந்த கோடுகள்

மரபும் மார்க்கமும் இரு எதிரிகள் என்னும் எண்ணம் ஆய்வுலகில் வேரூன்றியதற்குக் காலனியச் சட்டம் பெரிய காரணம். டச்சு அரசின் ஆலோசகர் ஸ்னூக் ஹுர்குரோன்யே, மரபு ஏற்றுக்கொண்ட அளவுக்கே இஸ்லாமியச் சட்டம் செல்லும் என்னும் கொள்கைக்கு வித்திட்டார். டச்சுச் சட்ட அறிஞர் ஃபான் ஃபோலன்ஹோவன் இந்தோனேசியத் தீவுக்கூட்டத்தை 19 மரபுச்சட்ட வட்டாரங்களாகப் பிரித்தார். ஊரார் ஒரே வாதத்துக்குள் வைத்து வாழ்ந்தவை நீதிமன்றத்தில் இரு தனிச் சட்டங்களாயின.

பிரிட்டிஷ் இந்தியாவில் கோடு வேறு விதமாக விழுந்தது. மலபாரில் 1854-இல் இயற்றப்பட்ட மாப்பிளைக் கலகச் சட்டம் மலபார் முஸ்லிம் சமூகத்தின் பெயரையே தலைப்பில் தாங்கியது. குற்றவாளிகளின் ஊர் முழுவதற்கும் தண்டம் விதிக்க அதில் வழி இருந்தது. 'மாப்பிளை வெறியர்' என்பது நிர்வாக ஆவணங்களில் புழங்கிய வகைப்பாடு. அச்சட்டத்துக்குக் காரணமான கிளர்ச்சிகள் நிகழ்ந்த ஏறநாடு, வள்ளுவநாடு உள்நாட்டுப் பகுதிகளில் முஸ்லிம்கள் பெரும்பாலும் குத்தகை உழவர்கள், தந்தைவழியினர். கண்ணூர், தலச்சேரி, கோழிக்கோடு கரைகளில் வாழ்ந்த மாப்பிளைகள் வணிகர்கள், பலர் தாய்வழியினர். கே.என்.பணிக்கர் 1989 நூலில் 19-ஆம் நூற்றாண்டுக் கிளர்ச்சிகளையும் 1921 மாப்பிளைக் கிளர்ச்சியையும் நிலவுடைமை ஒடுக்குமுறையின் பின்னணியில் வைத்து விளக்கினார். மதத்தின் பங்கை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரே மதத்தவரான கரையோர மாப்பிளைகள் பெருமளவில் ஆயுதம் எடுக்காததை மதத்தால் மட்டும் விளக்க முடியாது.

1937-இன் ஷரீஅத் சட்டம் முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டத்தை வழக்கத்துக்கு மேலாக நிறுத்தியது. வழக்கத்தின் பெயரால் பல பகுதிகளில் மகளுக்கு ஒன்றுமே கிடைக்காமலிருந்தது, அங்கே இச்சட்டம் பெண்ணுக்கு ஆதரவானது. வடமலபாரிலோ வழக்கம்தான் பெண்ணின் பக்கம் நின்றது. வேளாண் நிலத்தைச் சட்டம் விலக்கி வைத்தது, அதனால் பல மாகாணங்களில் நிலம் ஆண்களிடமே தங்கிவிட்டது. 1939-இல் சென்னை மாகாணத்தில் வந்த மாப்பிளை மருமக்கத்தாயச் சட்டம் தறவாட்டைப் பங்கு பிரிக்கும் உரிமையை அளித்தது, தறவாடுகள் கலையத் தொடங்கின. ஒரே சீரான முஸ்லிம் என்னும் கற்பனையைச் சட்டமாக்கியதில் வெளியார் அச்சத்துக்கும் உள்ளார் சீர்திருத்தத்துக்கும் சம பங்கு உண்டு.

வீட்டின் விலை

இவற்றை வைத்துப் பெண்ணாட்சி என்று கொண்டாடலாமா? பெகி ரீவ்ஸ் சாண்டே 2002-இல் மினாங்கபாவைத் தற்காலத் தாய்மை ஆட்சி என்றே அழைத்தார். எனக்கு அந்தச் சொல்லில் தயக்கம் உண்டு. குலத்தலைவர் ஆண், பள்ளிவாசல் மரைக்காயர் ஆண், தறவாட்டுத் தலைவரான காரணவரும் பெரும்பாலும் ஆண். தாய்வழி என்பது அதிகாரம் கணவனிடமிருந்து சகோதரனுக்கு மாறுவதாகவும் இருக்கலாம். அதே நேரம், மணவிலக்கு நேர்ந்தால் வெளியேற வேண்டியவர் கணவர்தான் என்பது ஒரு பெண்ணின் அன்றாடத்தில் எவ்வளவு பெரிய காப்பு என்பதைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. பாதங் பாஞ்சாங்கில் 1923-இல் ரஹ்மா எல் யூனுஸிய்யா பெண்களுக்கென ஒரு மார்க்கக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். 1957-இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் அவருக்கு 'ஷைகா' பட்டம் வழங்கியது. அவர் நின்று பேசிய நிலம் பெண்களுடையது.

கிழக்கிலங்கையில் விலை வெளிப்படையாகத் தெரிகிறது. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்பது ஏழைக் குடும்பத்தின் முதுகை முறிக்கும் கடமை. அந்தச் சீதன வீட்டைக் கட்டத் தாய்மார்களும் மகள்களும் வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரண வீடுகள் 'குடும்பத் தலைவர்' பெயரில், அதாவது கணவர் பெயரில், பதியப்பட்டன. நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள் முஸ்லிம் குடும்பம் என்றால் ஆண் தலைமை என்று எடுத்துக்கொண்டதால், தலைமுறைகளாகப் பெண்களிடம் இருந்த உடைமை ஒரு படிவத்தின் கட்டத்தில் கைமாறும் நிலை வந்தது.

வன்முறையை இங்கும் ஒளிக்க முடியாது. அதே கிழக்கில், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரும் காத்தான்குடிக்காரர். இரண்டையும் சொல்லாமல் அவ்வூரைப் பற்றி எழுதுவது முறையல்ல. ஆனால் 2019-க்குப் பிறகு அவ்வூர் அந்த ஒருவரின் ஊராக மட்டுமே பேசப்படுகிறது. அவர் வெறுத்த தர்காக்களும் சூஃபி வழியினரும் அதே ஊரில்தான் இருந்தார்கள், அவருடைய கூட்டத்தால் முதலில் தாக்கப்பட்டவர்களும் அவர்களே.

பெண்ணின் உரிமைக்குத் திரும்புவோம். இலங்கையின் 1951 முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகள் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டிய தேவை இல்லை, காழிகளாக ஆண்களே நியமிக்கப்படலாம். நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009-இல் அமைந்த குழு 2018-இல்தான் அறிக்கை அளித்தது, அதிலும் உறுப்பினர்கள் இரு அணிகளாகப் பிரிந்தார்கள். வீட்டு உறுதியில் உரிமையாளராகப் பெயர் ஏறும் அக்கரைப்பற்றுப் பெண்ணுக்குத் தன் நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்துக்குச் சட்டம் இடம் ஒதுக்கவில்லை. சீர்திருத்தம் கேட்கும் பெண்களை மேற்கத்தியத் தூண்டுதலுக்கு ஆளானவர்கள் என்று சொல்பவர்கள், அவர்கள் பேசுவது எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து என்பதைப் பார்க்கட்டும். அந்தத் திண்ணை அவர்களுடையது. ஷாஃபி ஃபிக்ஹின் ஹிபா விதிப்படி, ஊர்ப் பள்ளிவாசலின் அறிவோடு, அவர்களுடைய தாய்மார் எழுதிக் கொடுத்தது.